கட்டளைத் தெரிவுகளும் கைந்நூல் மயக்கமும்

ஒரு கருவியை ஆக்கியவனுக்கு வெளிப்படையாய்த் தோன்றுவது, அதனைக் கையாள்பவனுக்கு மறைபொருளாய் இருத்தல் இயல்பு. இவ்விருவருக்கும் நடுவே பாலமாய் நிற்க வேண்டுவது கைந்நூல். அந்நூல் பிழையின்றி இருந்தும் பொருள் விளங்காது போமாயின், அதனை நம்பியவன் படும் இடர் சிறிதன்று. இவ்வுண்மையைக் கணினி மென்பொருள் ஒன்றின் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யான் கணினியியல் பயின்றவனல்லேன். வெளிவாரியாகக் கலைமாணிப் பட்டம் பெற்றுத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். இத்துறையில் என்னைப் புகச் செய்தது ஒரு மாணவனின் கண்ணீரே. அவன் ஒரு மென்பொருளைப் பல வாரங்களாக எழுதிவந்தான். இறுதியாகச் செய்த பதிவின் குறிப்புரையில் ஒரு சொற்பிழை இருப்பதைக் கண்டு, அப்பதிவை மட்டும் நீக்கி மீண்டும் பதிய விரும்பினான். கைந்நூலைத் திறந்தான். மென்மை எனப் பொருள்படும் ‘சொஃப்ற்’, கலப்பு எனப் பொருள்படும் ‘மிக்ஸ்ட்’, வன்மை எனப் பொருள்படும் ‘ஹார்ட்’ என்னும் மூன்று தெரிவுகள் அங்கே இருந்தன. செய்வதைத் திண்ணமாகச் செய்வோம் என்றெண்ணி மூன்றாவதைத் தெரிந்தான். ஒரு வினாடியில் அவன் ஒரு வாரம் உழைத்து எழுதிய, இன்னும் பதியாத பகுதிகள் யாவும் திரையினின்று மறைந்தன. “ஐயா, நான் வாசித்துத்தான் செய்தேன்” என்று அவன் சொன்ன சொல் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. வாசியாமற் கெட்டவரைப் பார்த்திருக்கின்றோம். வாசித்துக் கெட்டவனை அன்றுதான் கண்டேன்.

அம்மாணவன் கையாண்ட மென்பொருள் ‘கிற்’ என்பதாகும். இது பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்களுள் ஒன்று. ஒரு நூல் திருத்தப்படுந்தோறும் அதன் பழைய நிலைகளையும் அழியாது காத்து, யார், எப்போது, எதனை மாற்றினர் என்பதைக் குறித்துவைத்து, வேண்டியபோது பழைய நிலையை மீட்டுத் தருவது இவ்வகை மென்பொருளின் தொழில். பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரொச்கைன்ட் என்பார் 1972 ஆம் ஆண்டில் இதற்கென ஒரு மென்பொருளை ஆக்கினார். அதன்பின் வேறு சில தோன்றின. 2000 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘சப்வேர்ஷன்’ அவற்றுள் பெருவழக்குப் பெற்றது. ‘லினக்ஸ்’ இயங்குதளத்தின் கருவை ஆக்குவோர் அதுகாறும் இலவசமாகப் பயன்படுத்திவந்த ‘பிற்கீப்பர்’ என்னும் மென்பொருளின் உரிமை 2005 இல் மீளப்பெறப்பட்டது. அதனால் லினஸ் ரோர்வால்ட்ஸ் அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திற் கிற் மென்பொருளை எழுதத் தொடங்கினார். சில மாதங்களிலேயே அதனைப் பேணும் பொறுப்பை ஜூனியோ ஹமானோ என்பாரிடம் ஒப்படைத்தார். இன்று உலகெங்கும் மென்பொருள் எழுதுவோரிற் பெரும்பாலார் இதனையே கையாளுகின்றனர்.

கிற் மென்பொருளுக்குக் கட்டளை இடுவோர், முதலிற் கட்டளையின் பெயரையும், அதன்பின் ‘தெரிவு’ எனப்படும் அடைமொழியையும் எழுதுவர். ‘நட’ என்பது கட்டளையாயின், ‘மெல்ல’, ‘விரைந்து’ என்பன தெரிவுகள் எனக் கொள்ளலாம். தெரிவின் முன் இரட்டைச் சிறுகோடு இட்டு முழுச்சொல்லால் எழுதுதல் ஒரு முறை. ஒற்றைச் சிறுகோடு இட்டு ஓர் எழுத்தால் எழுதுதல் மற்றொரு முறை. மயக்கம் பெரும்பாலும் பிறப்பது கட்டளையில் அன்று, இத்தெரிவுகளிலேயே.

தெரிவுகளின் பொருளை உணர்தற்கு முன், கிற் ஒரு கோப்பினை மூன்று இடங்களில் வைத்தெண்ணும் என்பதை அறிதல் வேண்டும். நம் கல்லூரி மலரை ஆயத்தஞ் செய்யும் முறையை இதற்கு உவமையாகக் கூறலாம். இதழாசிரியரின் மேசைமேல் திருத்தப்பட்டுக்கொண்டிருக்கும் கையெழுத்துப் படிகள் கிடக்கும், இது பணித்தளம். அவற்றுள் அச்சுக்கு அனுப்பத் தக்கவை எனத் தெரிந்தெடுத்தவற்றை அவர் ஒரு கோவையில் இட்டுவைப்பார். இதற்குக் கிற் வழங்கும் பெயர் ‘இன்டெக்ஸ்’. கோவையில் உள்ளது அச்சாகி மலராய் வெளிவந்து நூலகத்திற் சேரும், இதுவே களஞ்சியம். கோவையில் உள்ளதைக் களஞ்சியத்தில் நிலைபெறச் செய்தலைக் ‘கொமிற்’ என்பர். மேசை, கோவை, நூலகம் என்னும் இம்மூன்றும் மனத்தில் நின்றால், பின்வருவன எளிதில் விளங்கும்.

இனி, மாணவனைக் கெடுத்த ‘ரீசெற்’ கட்டளையை நோக்குவோம். ஒரு படி பின்செல்லுமாறு இக்கட்டளையை இடுங்கால், ‘சொஃப்ற்’ என்னுந் தெரிவு களஞ்சியத்தில் இக்கிளையின் இறுதிப் பதிவு எது என்னுங் குறியை மட்டும் ஒரு படி பின்னகர்த்தும்; கோவையும் மேசையும் உள்ளவாறே இருக்கும். ‘மிக்ஸ்ட்’ அக்குறியோடு கோவையையும் மாற்றும், மேசையைத் தொடாது. தெரிவு எதுவும் குறியாதவிடத்துக் கிற் கொள்வது இதனையே. ‘ஹார்ட்’ மூன்றையும் மாற்றும். மேசைமேற் கிடந்த திருத்தங்களையும் துடைத்துவிடும். ஆகவே மாணவனுக்கு வேண்டியிருந்தது சொஃப்ற். அவன் இட்டதோ ஹார்ட்.

இங்கே கருதத்தக்கது யாதெனில், கைந்நூல் பொய் சொல்லவில்லை என்பதே. ஹார்ட் என்பது இன்டெக்ஸையும் பணித்தளத்தையும் மீளமைக்கும் என்றும், பணித்தளத்தில் நேர்ந்த மாற்றங்கள் கைவிடப்படும் என்றும் அது கூறுகின்றது. நூலின் பிற்பகுதியில், ஒவ்வொரு தெரிவும் மூவிடங்களையும் எவ்வாறு மாற்றும் என்பதைக் காட்டும் அட்டவணைகளும் உள. எனினும் இன்டெக்ஸ் என்றால் என்ன, பணித்தளம் என்றால் என்ன என்பவற்றை முன்னரே உணர்ந்தவனுக்கே அவ்வாக்கியங்கள் பொருள் தரும். அறியாதவனுக்கு எஞ்சி நிற்பன மென்மை, கலப்பு, வன்மை என்னும் மூன்று சொற்களே. அவை அளவைக் குறிக்கின்றனவேயன்றி இடத்தைக் குறிக்கவில்லை. எவ்வளவு வன்மையாகச் செய்ய வேண்டும் என்று எவனும் அறிய விரும்புவதில்லை. எதனை இழப்போம் என்றே அறிய விரும்புகின்றான். நூற்குற்றங்கள் பத்தென வகுத்த நன்னூலார், குன்றக் கூறலையும் மயங்க வைத்தலையும் அவற்றுள் அடக்கினார். சொல்லியது மெய்யாயினும், சொல்ல வேண்டிய இடத்திற் சொல்லாமை குன்றக் கூறலேயாகும்.

மயக்கத்தின் இரண்டாம் வகை, ஓரிடத்திற்குப் பல பெயர் வழங்குதல். நாம் கோவை என்ற இடம் கிற் பிறந்த தொடக்க நாள்களில் ‘கேஷ்’ எனப்பட்டது; பின்னர் ‘இன்டெக்ஸ்’ ஆயிற்று; பயில்வோர் நாவில் ‘ஸ்ரேஜ்’ என்பதும் வழங்கலாயிற்று. பெயர் மாறினும் பழைய தெரிவுகள் நீங்கவில்லை. இரு நிலைகளின் வேறுபாட்டைக் காட்டும் ‘டிஃப்’ கட்டளையில் ‘கேஷ்ட்’ என்பதும் ‘ஸ்ரேஜ்ட்’ என்பதும் ஒரே பொருளன. இது ஒரு பொருள் குறித்த பல சொல்லாதலின் அத்துணைத் தீங்கில்லை. ஆனால் ஒட்டுத்திருத்தங்களைப் பொருத்தும் ‘அப்ளை’ கட்டளையில் ‘கேஷ்ட்’ என்பது கோவையை மட்டும் மாற்றுக என்றும், ‘இன்டெக்ஸ்’ என்பது மேசையோடு கோவையையும் மாற்றுக என்றும் பொருள்படும். ஓரிடத்தின் இரு பெயர்கள் இங்கே இரு வேறு செயல்களைக் குறிக்கின்றன! கட்டளை வரி மரபுகளை விளக்கும் தனிப்பக்கம் ஒன்றில் இவ்வேறுபாடு தெளிவாகக் கூறப்பட்டுளது. ஆயினும் அப்ளை கட்டளையைத் தேடிச் செல்பவன் அப்பக்கத்தை எங்ஙனம் அறிவான்?

கோப்பினை நீக்கும் ‘ஆர்எம்’ கட்டளையொடு ‘கேஷ்ட்’ சேருமிடத்து வேறோர் இடரும் உண்டு. இத்தெரிவால் கோப்பு கோவையினின்று மட்டும் நீங்கும். என் மேசைமேல் அது அப்படியே கிடக்கும். கடவுச்சொல் எழுதிய கோப்பொன்றைத் தவறிச் சேர்த்துவிட்டவர் இதனையே இடுவர். ஆனால் அந்நீக்கத்தைக் கொமிற் செய்து தோழர்க்கு அனுப்பினால், அதனை ஏற்கும் தோழரின் மேசையினின்று அக்கோப்பு மறைந்துபோம். அன்றியும், பழைய பதிவுகளில் அக்கடவுச்சொல் இன்னும் இருக்கும். இவ்விரண்டினையும் தெரிவின் பெயர் சொல்லாது, அனுபவமே சொல்லும்.

மூன்றாவது வகை, ஒரு சொல் பல பொருள் குறித்தல். ‘செக்அவுற்’ என்னும் கட்டளை ஒரு கிளையினின்று மற்றொரு கிளைக்கு மாறவும் பயன்பட்டது. கோப்பு ஒன்றில் செய்த திருத்தத்தை நீக்கிப் பழையபடி ஆக்கவும் பயன்பட்டது. முன்னது தீங்கற்றது, பின்னது உழைப்பை அழிப்பது. கிளைக்கும் கோப்புக்கும் ஒரே பெயர் அமையுமாயின் கட்டளை எதனைக் குறித்தது என்னும் ஐயம் எழும். அவ்வையத்தை நீக்குதற்கே கோப்புப் பெயரின் முன் தனியாக இரட்டைச் சிறுகோடு இடும் வழக்கம் ஏற்பட்டது. இதனால் விளைந்த துன்பத்தை ஆக்கியோரும் உணர்ந்தனர். 2019 ஓகஸ்ற் மாதத்தில் வெளிவந்த 2.23 ஆம் பதிப்பில், கிளை மாறுதற்குச் ‘சுவிற்ச்’ என்றும், கோப்பை மீட்டற்கு ‘ரெஸ்ரோர்’ என்றும் இரு புதிய கட்டளைகளை அமைத்தனர். பழைய கட்டளையும் நீக்கப்படவில்லை.

‘ரிவேர்ட்’ என்னுஞ் சொல்லும் இத்தகையதே. சப்வேர்ஷனில் அது பதியாத திருத்தங்களைக் கைவிட்டுக் கோப்பை முன்னைய நிலைக்குக் கொணரும். கிற் மென்பொருளிலோ, முன்பு பதிந்த ஒன்றின் விளைவை மாற்றும் புதிய பதிவொன்றை உண்டாக்கும். ஒன்றிற் பயின்றவன் மற்றொன்றிற்கு வந்தால், தான் அறிந்த சொல்லாலேயே ஏமாற்றப்படுகின்றான். ரீசெற், ரெஸ்ரோர், ரிவேர்ட் என்னும் மூன்றையும் வேறுபடுத்தி உணர்த்தக் கைந்நூலில் ஒரு தனிப் பிரிவே எழுத நேர்ந்தமை இம்மயக்கத்தின் அளவைக் காட்டும்.

நான்காவது, நோக்குமிடத்தால் வரும் மயக்கம். இரு கிளைகளை இணைக்கும்போது ஒரே வரியை இருவர் வெவ்வேறாகத் திருத்தியிருந்தால் முரண் தோன்றும். அப்போது ‘அவர்ஸ்’ என்றால் நம்முடையது, ‘தெயர்ஸ்’ என்றால் அவர்களுடையது எனத் தெரிந்துகொள்ளலாம். ‘மேர்ஜ்’ என்னும் இணைப்பில், நாம் நிற்கும் கிளையே நம்முடையது. வந்து சேருவது அவர்களுடையது. இது இயல்பாய் உளது. ஆனால் நம் பதிவுகளைப் பெயர்த்தெடுத்துப் பிறரது கிளையின் நுனியில் ஒவ்வொன்றாய் நாட்டும் ‘ரீபேஸ்’ முறையில் இவை தலைகீழாகும். அவ்வேளையில் கிற் நிற்பது பிறரது கிளையின்மேல்; ஆதலின் அதுவே ‘அவர்ஸ்’ ஆகின்றது; நாம் உழைத்து எழுதியது ‘தெயர்ஸ்’ ஆகின்றது. இயந்திரத்தின் நிலையினின்று பார்த்தால் இது முறையே. கைந்நூலும் இவை இடம்மாறித் தோன்றக்கூடும் என்று எச்சரிக்கின்றது. ஆயினும் ‘நம்முடையது’ என்பதற்கு என்னுடையது அன்று என்று பொருள் கொள்ள எம்மனிதன் மனம் எளிதில் இசையும்?

இச்சொல்லிலேயே இன்னும் நுண்ணிய ஒரு வேறுபாடும் உண்டு. மேர்ஜ் கட்டளையில் ‘எஸ்’ என்னும் சிறிய எழுத்தின்பின் அவர்ஸ் என்றால், இணைப்பின் முறையே அது. மற்றக் கிளையின் மாற்றங்கள் அனைத்தும் புறக்கணிக்கப்படும். ‘எக்ஸ்’ என்னும் பெரிய எழுத்தின்பின் அவர்ஸ் என்றால், முரண்பட்ட பகுதிகளில் மட்டும் நம்முடையது கொள்ளப்படும். முரணற்ற பகுதிகள் இரு பாலிருந்தும் சேரும். தோழனின் ஒரு மாத உழைப்பு சேர்வதும் சேராதொழிவதும் இங்கே ஓர் எழுத்தில் தங்கியிருக்கின்றது. இரண்டையும் மயங்கற்க எனக் கைந்நூல் கூறுவது உண்மை. மயங்காத பெயரை இட்டிருப்பின் அவ்வறிவுரைக்கே இடமிராது.

ஓரெழுத்துத் தெரிவுகளைப் பற்றி மேலும் ஒன்று கூறல் வேண்டும். ‘என்’ என்னும் எழுத்தைச் ‘சேர்’ எனப் பொருள்படும் ‘அட்’ கட்டளையோடு இட்டால், செய்யாமற் செய்துகாட்டு என்று பொருள்படும். தேவையற்ற கோப்புகளைத் துடைக்கும் ‘கிளீன்’ கட்டளையிலும் அதுவே பொருள். ஆகவே ‘என்’ என்பது காப்பான எழுத்து என்று மாணவன் நம்புவான். அந்நம்பிக்கையுடன் கொமிற் கட்டளையில் அதனை இட்டால், ஒத்திகை நிகழாது; பதிவே நிகழும். பதியுமுன் நடைபெற வேண்டிய சில சோதனைகளும் தவிர்க்கப்பட்டுவிடும். ரிவேர்ட் கட்டளையில் அவ்வெழுத்தே, மாற்றத்தைச் செய்க, ஆனால் பதியற்க என்னும் பொருளில் வரும். ஓரெழுத்து ஒருமொழிக்கு இடத்தால் பொருள் வேறுபடும் என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். கணினியில் அதனை அறியாவிடின் நட்டம் நேரும்.

இம்மயக்கங்கள் எவற்றால் எழுந்தன? ஆக்கியோரின் அறியாமையால் அன்று. முதலாவது காரணம், கிற் தோன்றிய சூழல். இது முதலில் லினக்ஸ் கருவை எழுதிய வல்லுநர்க்கென அவசரமாக ஆக்கப்பட்டது. அடித்தளக் கட்டளைகளைக் குழாய்த்தொகுதி என்றும், மக்கள் கையாளும் மேற்றளக் கட்டளைகளைப் பீங்கான் என்றும் அவர்கள் வேறுபடுத்தினர். குழாய்களின் அமைப்பறிந்து இடப்பட்ட பெயர்கள் சில பீங்கானிலும் ஏறிவிட்டன. இரண்டாவது, பழமை பேண வேண்டிய கடப்பாடு. ஒரு தெரிவு வழக்கில் வந்தபின், அதனை நம்பி எண்ணிறந்த தன்னியக்க நிரல்கள் எழுதப்பட்டுவிடுகின்றன. பெயரை மாற்றினால் அவை யாவும் முறியும். மூன்றாவது, கருத்தமைப்பே சிக்கலானது. மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த சந்தியாகோ பெரெஸ் டி ரொசோ, டானியல் ஜாக்சன் என்னும் இருவரும் 2013 இலும் 2016 இலும் வெளியிட்ட ஆய்வுகளில், பயன்படுத்துவோர் படும் இடருக்குக் கருத்தமைப்பின் பொருத்தமின்மையே வேரென ஆராய்ந்து காட்டினர். எனவே, விளங்கவில்லை என்று கூறும் மாணவனை மந்தபுத்தியன் என்று இகழ்தல் நீதியன்று.

அவ்வாறாயின் பயில்வோன் செய்ய வேண்டுவது யாது? அறியாத தெரிவு ஒன்றைக் கண்டவிடத்து மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். இது மேசை, கோவை, நூலகம் என்னும் மூன்றில் எவற்றை மாற்றும்? எவற்றைத் தொடாது விடும்? மாற்றியதை மீட்க வழியுண்டா? இவற்றிற்கு விடை காணாதவரை அத்தெரிவை இடலாகாது. ஓரெழுத்தை விடுத்து முழுச்சொல்லை எழுதுதல் நன்று. கொமிற் கட்டளையிலும் ஒத்திகை வேண்டின் ‘டிரை ரன்’ என்று முழுமையாக எழுதலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, அடிக்கடி பதிதல் வேண்டும். பதிந்ததை மீட்பது எளிது. பதியாததை மீட்பது அரிது.

கைந்நூல் எழுதுவோர்க்கும் ஒரு வழி உண்டு. அதனைக் கிற் தானே காட்டியிருக்கின்றது. ரெஸ்ரோர் கட்டளையின் தெரிவுகள் ‘ஸ்ரேஜ்ட்’, ‘வேர்க்ற்றீ’ என்பன. முன்னது கோவையை மீட்கும். பின்னது மேசையை மீட்கும். இரண்டையும் சேர்த்தெழுதினால் இரண்டும் மீளும். இங்கே பெயரே இடத்தைச் சொல்லுகின்றது, உரை வேண்டப்படவில்லை. மென்மை வன்மை என்னும் அளவுச் சொற்களோடு இவற்றை ஒப்பிட்டால், பதினான்கு ஆண்டுகளில் ஆக்கியோர் கற்ற பாடம் இன்னதென்பது புலனாகும்.

இனி, அம்மாணவனுக்கு நேர்ந்ததைக் கூறி முடிப்போம். இருவரும் ஓரிரவு முழுதும் கைந்நூலின் முன் அமர்ந்தோம். அவன் நீக்கிய பதிவு ‘ரெஃப்லொக்’ எனப்படும் நடமாட்டக் குறிப்பில் இருந்தது. அதனை ஒரு நொடியில் மீட்டோம். பதியாத திருத்தங்களுள், முன்றைய நாள் மாலையில் அவன் கோவையில் இட்டுவைத்தவை களஞ்சியத்தின் மூலையில் உரிமையற்ற பொருள்களாய்க் கிடந்தன. ‘எவ்-எஸ்-செக்’ என்னும் கட்டளையால் அவற்றைத் திரட்டினோம். கோப்பின் பெயர்கள் இல்லை. உள்ளடக்கம் மட்டும் இருந்தது. ஒவ்வொன்றாய்த் திறந்து வாசித்து, இது இன்னது என்று அவன் பெயரிட்டான். கோவையில் இடாது மேசைமேலேயே விட்டிருந்த கடைசி நாள் உழைப்பு மட்டும் திரும்பவில்லை. அதனை அவன் மீண்டும் எழுதினான்.

அன்று முதல், வகுப்பில் யான் ஒரு வினாத்தாள் ஆயத்தஞ் செய்யும்போதும், தேர்வுக்குரிய அறிவுறுத்தல் எழுதும்போதும் அம்மாணவனின் சொல் நினைவுக்கு வருகின்றது. எழுதியது சரியா என்று மட்டும் கேட்டல் போதாது. முதன்முறை வாசிப்பவன் இதனால் எதனை இழக்கக்கூடும் என்றும் கேட்டல் வேண்டும். கணினிக் கைந்நூலுக்கு மாத்திரமன்றிக் கற்பிக்கும் நமக்கும் இஃது உரியதொரு கடனாகும்.